ஓடை இறக்கத்தில் ஒரு கட்டை

நரிப்பாறைப்பட்டி
9.6.2024

அன்பு மகன் யோகராஜுக்கு அப்பா சிவனாண்டி எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகம். கிடையில் அறுபது ஆடுகளும் சுகம். மேகம் மட்டும் நம்மை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மலைமேல் பனி உன்னைப் படுத்தாமல் இருக்கிறதென்று ஒரு வரி வந்தால் இங்கே இரண்டு பேருக்குச் சோறு இறங்கும். உன் முகாமில் டவர் இல்லாததும் ஒரு வகைக்கு நல்லதுதான். கடிதம் எழுதக் கற்றுக்கொண்டதோடு எட்டாம் வகுப்பில் நின்றவன் நான். படித்த ஒரு பாடமாவது இப்போது பயன்படுகிறது.

விசேஷம் என்னவென்றால், நம் பழைய ஜீப்புக்கு நாலு பெரிய டயர் போட்டாச்சு. கோவில்பட்டியில் மலையேறும் பந்தயத்துக்கு வண்டி வைத்திருந்த ஒருவர் கழற்றிப் போட்டது. டயர் மூன்றடி, உன் அப்பன் ஐந்தடி. முக்காலி போட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன். இறங்குவது சுலபம், விழுந்தால் போதும்.

வீம்புக்காகப் போடவில்லை. போன மழையில் சக்கரம் பூராவும் கரிசல் அப்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வண்டி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது உனக்குத் தெரியும். மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் அந்த ஏழு பிள்ளைகளுக்கும் நம் ஜீப்பை விட்டால் வேறு வண்டி கிடையாது. இந்த டயர் சகதியில் எருமை மாதிரி போகும்.

ஒரே ஒரு சின்னக் குறை. போகச் சொன்னால் போகிறது, நிற்கச் சொன்னால் யோசிக்கிறது. ஓடை இறக்கத்தில் மூன்று தரம் மிதிக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் வழி வைத்திருக்கிறேன். உன் அம்மா மடியில் ஒரு கருவேலங்கட்டையோடு பக்கத்தில் உட்காருவாள். வண்டி மெதுவானதும் குதித்து முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாள். பாரவண்டிக்கு இறக்கத்தில் நம் ஆட்கள் செய்கிற வேலைதானே. மற்றவர்களுக்கு ஹேண்ட் பிரேக் இரும்பில் இருக்கும். என்னுடையது சேலை கட்டியிருக்கிறது.

வழக்கம்போல் கடைசி வரி அவளுக்கு.

அப்பா

ராசா, காதை மூடிப் படு. இவிய டயரைத்தான் பெரிசாக்கியிருக்காவ, புத்தியை இல்ல. அம்மா


மலை முகாம் (பெயர் எழுத அனுமதி இல்லை)
27.6.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யோகராஜின் வணக்கம்.

நன்றாக இருக்கிறேன். காதை மூடித்தான் படுக்கிறேன். அம்மாவின் வரியைப் பக்கத்துக் கட்டில்காரனுக்கு இந்தியில் சொன்னேன். அவன் வீட்டிலும் அதே புத்தி, அதே அம்மாவாம்.

ஆனால் அப்பா, ஆறு வருஷமாக ராணுவ ஒர்க்‌ஷாப்பில் எனக்குச் சம்பளமே வண்டிகளை நிற்க வைக்கத்தான். அதனால் சொல்கிறேன். நம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். ஓரத்தில் விரல் வைத்தால் உடனே நிற்கும். அச்சுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், கை எரியும். ஜீப்பின் பிரேக் இருப்பது அச்சுப் பக்கம். டயர் பெரிதாகப் பெரிதாக அந்தச் சின்ன பிரேக் டிரம் அத்தனை தூரத்து ஓரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும். டயரின் எடையும் கூடிவிட்டது. பாவம், அது யோசிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று. சக்கரம் பெரிதானால் ஸ்பீடு மீட்டர் குறைத்துக் காட்டும். முப்பது என்று நீங்கள் நினைக்கும்போது முப்பத்தைந்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

களத்தில் கோடு போட்டு, முப்பதில் வந்து மிதித்து, எத்தனை தப்படியில் நிற்கிறதென்று எழுதுங்கள். ஆள் ஏற்றாமல் செய்யுங்கள். அம்மா, நீ கட்டையோடு குதிக்காதே.

யோகராஜ்


நரிப்பாறைப்பட்டி
14.7.2024

பிரியமுள்ள மகனுக்கு அப்பா.

உன் கடிதம் கண்டு சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. எனக்கு வலி ஒன்றும் இல்லை, மானம் மட்டும் கொஞ்சம் போயிருக்கிறது.

நீ சொன்னபடி களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். தப்படி எண்ணப் பக்கத்து வீட்டுச் சீனியை நிறுத்தினேன். முப்பதில் வந்து கோட்டில் மிதித்தேன். வண்டி கோட்டைத் தாண்டி, சீனியைத் தாண்டி, பால்வண்டி இசக்கியப்பனின் சோளத்தட்டைப் படப்பில் போய் நின்றது. இருபத்தேழு தப்படி. பிரேக் நிறுத்தியதா படப்பு நிறுத்தியதா என்று இன்னும் ஊரில் பேசுகிறார்கள்.

இசக்கியப்பன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

"வேய் சிவனாண்டி, மாடுதான் படப்புல வாய வைக்கும். உம்ம வண்டிக்குமா பசி?"

"புதுச் சக்கரம் அண்ணாச்சி, தீனி கூடுதலா கேக்குது."

அவர் பால்வண்டியை அதே கோட்டில் மிதிக்கச் சொன்னேன். பத்துத் தப்படியில் நின்றது. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவில்பட்டிக்குப் போய் மெக்கானிக் வன்னியபெருமாளைப் பார்த்தேன். "முன்னால டிஸ்க் பிரேக்காவே மாத்திரணும். ரெண்டு வாரம் வண்டிய என்கிட்ட விடும்" என்கிறார். இரண்டு வாரம் விட்டால் வடக்குக்காட்டில் கிடை கிடக்கும் ஆடுகளுக்குத் தண்ணீர் டிரம்மை யார் கொண்டுபோவது? இந்த வெயிலில் ஒருநாள் தண்ணீர் தப்பினாலும் குட்டிகள் தாங்காது. ஒரு மழை பெய்து ஊருணியில் தண்ணீர் தேங்கட்டும், உடனே விட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் பையப் போகிறேன்.

அப்பா

ராசா, பையப் போறாவளாம். படப்புகிட்ட கேட்டுப் பாரு. அம்மா


மலை முகாம்
4.8.2024

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். கை விரல்கள் சில நேரம் விறைக்கின்றன, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

மழை பெய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள் அப்பா. முதல் மழையிலேயே பிள்ளைகள் வாசலில் பையோடு வந்து நிற்பார்கள். உங்களுக்கு இல்லை என்று சொல்ல வராது. எனக்குத் தெரியும்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி சொல்வது சரி. பிற்காலத்து ஜீப்பின் முன்பக்க டிஸ்க் நம் வண்டிக்குப் பொருந்தும். மாட்டும்போது ரிம்முக்கும், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கல் சிக்கும். பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறை உள்ளதாக வேண்டும், ஒரு பக்கம் எண்ணெய் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். பூஸ்டர் வைத்தால் உங்கள் காலுக்குச் சுகம். ஆனால் டீசல் எஞ்சினில் அது தானாக வேலை செய்யாது, அதற்கென்று வாக்குவம் பம்பும் சேர்த்துப் போட வேண்டும். பின்சக்கரத்துக்கு டிரம்மே போதும், லைனிங் புதிதாக இருக்கட்டும்.

அம்மா, இது உனக்கு. பழைய டயருக்கு அந்தக் கட்டை தடை. இந்த உயரமான டயருக்கு அது வெறும் படி. ஏறி இறங்கிவிடும். தயவுசெய்து வண்டியைவிட்டு இறங்காதே.

யோகராஜ்


நரிப்பாறைப்பட்டி
26.8.2024

மகனுக்கு அப்பா.

எல்லாரும் சுகம். கடிதம் தாமதமானதற்கு மன்னிக்கவும், கொஞ்சம் வேலை. கழுகுமலைக்குப் போய் வந்தோம். உளுந்து விதைக்க நிலம் உழுது போட்டாச்சு. வெள்ளாடு ஒன்று இரட்டைக்குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். வண்டியை நான் அதிகம் எடுப்பதில்லை, அதைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம். விரலுக்கு நல்லெண்ணெய் தேய்.

அப்பா

ராசா, உன் அப்பா ரொம்ப நல்லா வண்டி ஓட்டுதாவ. மனசுல ஒண்ணும் வைக்காதே. அம்மா


மலை முகாம்
10.9.2024

அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு என்ன ஆச்சு?

எனக்கு வயது இருபத்தேழு. இத்தனை வருஷத்தில் அம்மா உங்களைப் பாராட்டி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. முட்ட வந்த கிடாயைக் குறுக்கே விழுந்து மறித்து நீங்கள் அவளைக் காப்பாற்றியபோதுகூட, "காலுக்குள்ள வந்து விழுந்தாவ" என்றுதான் எனக்கு எழுதினாள். அந்த அம்மா நீங்கள் நன்றாக வண்டி ஓட்டுவதாக எழுதுவாளா? கையெழுத்தை அவளுடையது மாதிரி வளைத்தாலும் அந்த வரியை எழுதியது நீங்கள்.

ஜூலையில் இங்கே ஓர் இறக்கத்தில் ஒரு வண்டி நிற்கவில்லை. அதில் போன இருவரோடு அன்று காலையில் டீ குடித்திருந்தேன். இதற்குமேல் எழுதினால் கடிதம் முகாமைத் தாண்டாது. இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். நானும் ஒன்றை மறைத்தேன், நீங்களும் மறைத்தீர்கள். கணக்குத் தீர்ந்தது. இனி இருவரும் உள்ளதை எழுதுவோம்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

யோகராஜ்


நரிப்பாறைப்பட்டி
24.9.2024

என் கண்ணான மகன் யோகராஜுக்கு,

முதலில் இதைப் படி. அம்மா உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கால் பாதத்தில் எலும்பு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள், இரண்டும் குறையவில்லை.

உன் ஆகஸ்ட் கடிதம் கைக்கு வருவதற்கு மூன்று நாள் முந்தி நடந்தது. தண்ணீர் டிரம் இரண்டையும் ஏற்றிக்கொண்டு ஓடை இறக்கத்தில் போனோம். மிதித்தேன். இரண்டாம் தரம் மிதித்தேன். மூன்றாம் தரம் கால் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. அவள் என்னைக் கேட்கவில்லை, குதித்துவிட்டாள். ஓடிப்போய் முன்னால் கட்டையைப் போட்டாள். நீ எழுதினாயே படி என்று, அதேதான். டயர் கட்டைமேல் ஏறி, அவள் பாதத்தின் ஓரத்தில் இறங்கி, ஓடை மணலில் போய் நின்றது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு இசக்கியப்பன்தான் பால்வண்டியில் கொண்டுபோனார். படப்பைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

உனக்குத் தெரிய வேண்டாம், மலைமேல் இருக்கிற பிள்ளை கலங்குவான் என்றேன். "அப்படின்னா நான் எழுதல. பொய்க்கு என் கை வராது. நீங்களே எழுதிக்கோங்க" என்று பேனாவைத் தள்ளிவிட்டாள். நான் எழுதினேன். அவளைப்போல எழுதுவது என்றால் என்னைத் திட்டி எழுதியிருக்க வேண்டும். அதுகூட எனக்கு ஓடவில்லை. என்னைப் பற்றி யாராவது ஒரு நல்ல சொல் சொல்லமாட்டார்களா என்று அன்றைக்கு இருந்ததோ என்னவோ.

நான் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவன். அந்தச் சிரிப்பில்தான் அவளை வண்டியில் கட்டையோடு உட்காரவைத்தேன். ஹேண்ட் பிரேக் சேலை கட்டியிருக்கிறது என்று எழுதினேன் பார், அந்த வரியை நினைத்தால் எனக்கு நாக்கு கூசுகிறது.

உன்னோடு டீ குடித்த அந்த இரண்டு பேருக்கும் அம்மா வீட்டில் விளக்கேற்றி வைத்தாள். பேர் தெரியாது என்றேன். "சாமிக்குத் தெரியும்" என்றாள்.

ஆட்டுத் தண்ணீருக்கு மட்டும் நான் தனியாக, இறக்கமில்லாத சுற்றுப்பாதையில் நடை வேகத்தில் எடுக்கிறேன்; மற்ற நேரம் ஜீப் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. பிரேக் சரியாகாமல் அதில் ஒரு பிள்ளையும் ஏறாது. இன்னும் மூன்று வாரத்தில் மழை வந்துவிடும். ஊரில் என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

அப்பா

ராசா, இப்ப நான்தான் எழுதுதேன். கால் வலிக்குது, பொறுக்கக்கூடிய வலிதான். அப்பாவை ரொம்ப ஏசாதே, அதுக்கு நான் இருக்கேன். அம்மா


மலை முகாம்
8.10.2024

அன்பு அப்பா, அம்மா,

அம்மாவின் கையெழுத்தைப் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் காட்டினேன்.

அப்பா, நான் ஏசப்போவதில்லை. உள்ளதை எழுதியதற்கு நன்றி. இங்கே அதிகாரிகள்கூடத் தப்பு செய்தால் இப்படி எழுதமாட்டார்கள். ஊருக்கும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஏழு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

வன்னியபெருமாள் அண்ணாச்சிக்குத் தனித்தாளில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்து, பிரேக் எண்ணெய் போகும் பைப்பில் சிக்கிய காற்றை எடுக்கும்போது தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், அவசரக்காரர் கூடாது. உங்களைச் சொல்கிறேன். கடைசியில் அதே கோடு, அதே முப்பது, அதே தப்படி. அது பத்துக்குள் வராமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

யோகராஜ்


நரிப்பாறைப்பட்டி
3.11.2024

பாசமுள்ள மகனுக்கு அப்பா.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாச்சு. கம்பு ஊன்றி நடக்கிறாள். அந்தக் கம்புக்கு வேறு உபயோகமும் வந்துவிடுமோ என்று தள்ளியே உட்காருகிறேன்.

நீ சொன்னபடி ஏழு வீட்டுக்கும் போனேன். வண்டி நிற்காமல் அம்மா கால் போனதையும், அந்த வண்டியில்தான் உங்கள் பிள்ளைகளை ஏற்ற இருந்தேன் என்பதையும் சொன்னேன். ரேணுகாதேவியின் மகள் நம் வண்டியில்தான் போகிறாள். ரேணுகாதேவி சண்டைக்கு வருவாள் என்று வாசலிலேயே நின்றேன்.

"ஏன் மாமா வெளியவே நிக்கீங்க? சரி, மெக்கானிக்கிட்ட விடாம வண்டிய ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"ஆட்டுக்குத் தண்ணி யாரு தாயி கொண்டுபோவா?"

அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் விடிந்தபோது வீட்டு முன்னால் ஏழு மோட்டார் சைக்கிள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேன். ரேணுகாதேவி புருஷன் பேச்சிராஜா சொல்கிறான், "மூணு வருசமா எங்க பிள்ளைகள நீங்க சுமந்தீங்க மாமா. உங்க ஆட்டுக்கு ரெண்டு வாரம் தண்ணி சுமக்கக் கூடாதா?" யோகராஜ், நான் பேச்சுக்குப் பேச்சு பேசுகிறவன். அன்றைக்கு முக்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன், அதற்கு ஒரு அவசியமும் இல்லை.

மழை தூறலாகத் தொடங்கி, ஊருணியில் தேங்காமல் பாதையை மட்டும் சகதியாக்கிய பத்து நாளும் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனார்கள். ஒரு வீட்டிலிருந்தும் முணுமுணுப்பு வரவில்லை.

வன்னியபெருமாள் கூலி வேண்டாம் என்றுவிட்டார். இடைசெவல் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் கரிசல் இருக்கிறது. "மழை வெறிச்சதும் அஞ்சு ராத்திரி உம்ம கிடைய என் காட்டுல போடும். அந்த உரம் போதும்" என்றார். சாமான் மதுரையில் பழைய வண்டி பிரிக்கிற கடையில் கிடைத்தது. பிரேக் பேடும் எண்ணெய் ஹோசும் புதிது. உன் படத்தைச் சுவரில் சாமிபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து வேலை பார்த்தார். ரிம்முக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது, அவர் விரலும் நுழைந்தது. இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டரைக் காட்டி, "ஒண்ணு கைவிட்டாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கிடும்" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வேறுபக்கம் பார்த்தாள்.

காற்று எடுக்கும் நாளில் பெடல் மிதிக்க நான் ஏறினேன். அம்மா கம்பைத் தட்டினாள். "இறங்குங்க. அவசரக்காரவுக வேண்டாம்னு பிள்ளை எழுதியிருக்கான்." முக்காலி போட்டு அவளே ஏறினாள். கீழே படுத்துக்கொண்டு வன்னியபெருமாள், "அமுக்குங்க மதினி. பிடிங்க. விடுங்க" என்று சொல்லச் சொல்ல, நாலு சக்கரத்துக்கும் வலது காலால் மிதித்தாள். "இவிய மூணு தரம் மிதிச்சும் நிக்காத வண்டி அண்ணாச்சி. இப்ப என் ஒத்தைக் காலுக்கு நிக்கப்போகுது பாருங்க" என்றாள்.

களத்தில் கோடு போட்டோம். இந்தத் தடவை சீனி வைக்கோல்போருக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் எண்ணினான். இசக்கியப்பன் படப்புக்கு முன்னால் கைகட்டிக் காவல் நின்றார்.

எட்டுத் தப்படி.

பேச்சிராஜா விசில் அடித்தான். இசக்கியப்பன், "என் படப்பு பிழைச்சுது" என்றார். நான் ஸ்டியரிங்கைவிட்டு இறங்கவில்லை. முக்காலி இல்லாததால் என்று நினைத்திருப்பார்கள். நான் இன்னும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா

ராசா, எட்டுதான். நானும் எண்ணுனேன். அம்மா


நரிப்பாறைப்பட்டி
22.11.2024

அன்பு மகனுக்கு அப்பா.

இங்கே எல்லாரும் சுகம். நேற்று ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் ஊருணி நிறைந்திருக்கிறது.

இன்று காலையில் ஏழு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அம்மா, "நானும் வாரேன்" என்று ஏறிக்கொண்டாள். வேலை ஒன்றும் இல்லை, சும்மா வந்தாள். கட்டை இல்லாத மடியில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரிய டயர் சகதியில் சொன்னது மாதிரியே போனது.

ஓடை இறக்கத்தில் பாதி வந்த பிறகுதான் பார்த்தேன். மணல் கிடந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்து ஓடுகிறது. முள்ளும் கிளையுமாக ஒரு முழு உடைமரமே உருண்டு போகிறது. மிதித்தேன். ஒரு தரம். வண்டி தலையைக் குனிந்து அந்த இடத்திலேயே நின்றது. தண்ணீருக்கு இன்னும் பத்துத் தப்படி இருந்தது. பின்னால் ஏழு பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் வலது கால், பெடலே இல்லாத இடத்தில், அழுந்தி மிதித்தபடி இருந்தது.

பிறகு ஒரு பிள்ளையின் குரல் மெதுவாகக் கேட்டது. "தாத்தா, அப்ப இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லியா?"

"இல்ல தாயி. தண்ணி வடியணும்."

ஏழு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பிரேக்குக்கு நன்றி சொன்னது அந்த ஊளைச் சத்தம்தான், வேறு யாரும் சொல்லவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் சிரிப்பாக எழுத நிறைய இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம். வன்னியபெருமாளுக்கும், பால்வண்டிக்கும், ஏழு மோட்டார் சைக்கிளுக்கும், மலைமேல் விரல் விறைக்கப் படம் போட்ட உனக்கும் கை கூப்புகிறேன். விடுப்பு கிடைத்து வா. ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பேன். நிற்பேன் என்று இப்போது தைரியமாக எழுதலாம்.

அப்பா

ராசா, கட்டையை இன்னிக்கு அடுப்புல வச்சிட்டேன். நல்ல காஞ்ச கட்டை, நின்னு எரிஞ்சுது. ரெண்டு பேரும் காப்பி குடிச்சோம். இன்னிக்கு உன் அப்பா நல்லாத்தான் ஓட்டுனாவ. இதை நான்தான் எழுதுதேன். அம்மா